நியூயார்க்கின் பெயர்போன உணவகத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாடு: மேசை பிடிப்பது முதல் பில் கட்டுவது வரை

2025 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது விழாவில், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன விஜய் குமார் வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரர் என்ற விருது அவருக்கு. ஏழை சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று ஒன்றும் கிடையாது என்ற கருத்தை அந்த மேடையில் பேசினார். அவர் சமைக்கும் 'செம்ம' உணவகம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், கிரீன்விச் அவென்யூவில் இருக்கிறது. 2021-இல் திறந்தார்கள், 2022-இல் நல்ல உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது, 2025-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் 100 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அன்றிலிருந்து, அமெரிக்கா போகிற நண்பர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அங்கே போய்ச் சாப்பிட முடியுமா?" முடியும். ஆனால் நம் ஊரில் பசித்தால் கடைக்குள் நுழைந்து காலி நாற்காலியில் உட்காருகிற மாதிரி அங்கே நடக்காது. நியூயார்க்கில் இப்படிப் பேர் வாங்கிய கடைகளுக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், அன்று ராத்திரி உங்கள் கவனம் முழுவதும் தட்டில் இருக்கும். தெரியாமல் போனால் பாதி நேரம் பதற்றத்திலேயே கழியும். இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில், ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். 'செம்ம'வை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மற்றக் கடைகளுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. ஒரே ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு வாரப் பயணத்தில் நான்கு பிரபல உணவகங்களுக்குப் போக வேண்டும் என்று திட்டம் போட வேண்டாம். ஒன்று போதும். மற்ற நாட்களில் தெருமுனைப் பீட்ஸா, வண்டிக்கடை, ஜாக்சன் ஹைட்ஸ் பக்கத்து நேபாளிக் கடை என்று பசித்த நேரத்தில் பசித்த இடத்தில் சாப்பிடுங்கள். எல்லா ராத்திரியையும் முன்பதிவுக்கு அடகு வைத்தால் ஊரைப் பார்க்க நேரமே இருக்காது.

தேர்ந்தெடுக்கும்போது படங்களைப் பார்க்காதீர்கள், மெனுவைப் பாருங்கள். பெரும்பாலான கடைகள் மெனுவை விலையோடு தங்கள் தளத்திலேயே போட்டிருப்பார்கள். உங்களால் சாப்பிட முடிகிற பதார்த்தம் நாலைந்தாவது இருக்கிறதா, இரண்டு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். லோயர் ஈஸ்ட் சைடில் இருக்கும் 'டர்ட் கேண்டி' முழுக்கக் காய்கறி உணவகம், 2022-இல் மிஷலின் நட்சத்திரம் பெற்றது. சைவக் குடும்பத்துக்கு அப்படி ஒரு இடம், இறைச்சிக் கடையில் போய் சாலட் சாப்பிடுவதைவிட நூறு மடங்கு மேல்.

முன்பதிவே இல்லாத புகழ்பெற்ற கடைகளும் உண்டு. 1888-இலிருந்து நடக்கும் 'காட்ஸஸ்' டெலியில் (இறைச்சி சாண்ட்விச் கடை) வரிசையில் நின்று உள்ளே போகலாம். நுழையும்போது ஆளுக்கொரு சீட்டு தருவார்கள். வாங்கியதையெல்லாம் அதில்தான் குறிப்பார்கள், வெளியே வரும்போது அதைக் காட்டித்தான் பணம் கட்ட வேண்டும். அந்தச் சீட்டைத் தொலைத்தால் தனி அபராதம் உண்டு, சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடையானாலும் வாசல் கண்ணாடியில் ஏ, பி, சி என்று ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். 2010-இலிருந்து நகர சுகாதாரத் துறை தரும் சுத்தத்துக்கான மதிப்பெண் அது. குறை ஏற ஏற எண்ணும் ஏறும்: 13 வரை ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. தெரியாத சின்னக் கடைக்குள் நுழையும் முன் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

2. எந்த நாள், எத்தனை மணி

இறங்கிய அன்று ராத்திரி வேண்டவே வேண்டாம். கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அங்கே ராத்திரி 8 மணிக்கு நீங்கள் மேசையில் உட்காரும்போது, உங்கள் உடம்புக்கு விடியற்காலை ஐந்தரை. நாக்கு மரத்துப் போயிருக்கும், கண் சொருகும். ஆளுக்கு நூறு டாலர் செலவழித்துத் தூங்கி விழுவதற்கு எதற்கு அந்தப் பாடு? மூன்றாவது நாளோ நான்காவது நாளோ வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமையில் செவ்வாய், புதன் நல்லது. வெள்ளி, சனிக்கிழமைகளுக்கு உள்ளூர்க்காரர்களே அடித்துக்கொள்வார்கள். நேரத்தில், எல்லோரும் கேட்பது 7 மணி முதல் 8.30 வரை. நீங்கள் மாலை 5 அல்லது 5.30-ஐக் கேளுங்கள், அல்லது ராத்திரி 9.30-க்கு மேல். வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு நான் எப்போதும் 5 மணியைத்தான் சொல்வேன். கூட்டம் ஏறுவதற்கு முன்னால் இருப்பதால் பேசுவது காதில் விழும், சர்வருக்கு நின்று விளக்க நேரம் இருக்கும், ஏழு மணிக்கெல்லாம் வயிறும் மனசும் நிறைந்து வெளியே வந்துவிடலாம். எட்டு மணிக்கு மேல் இந்த மாதிரி இடங்களில் பாட்டுச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

3. மேசை பிடிப்பது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்றுவிடுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் முன்பதிவு பெரும்பாலும் ரெஸி, ஓப்பன்டேபிள் மாதிரியான செயலிகளில் நடக்கிறது. நீங்கள் போக நினைக்கும் கடை எதில் இருக்கிறது என்பது அதன் தளத்திலேயே தெரியும். அந்தச் செயலியில் இப்போதே கணக்குத் தொடங்கி, பெயர், தொலைபேசி எண், கார்டு விவரம் எல்லாவற்றையும் பதிந்து வையுங்கள். மேசை திறக்கும் நேரத்தில் கார்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் போய்விடும். நம் ஊர் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமாக அணைந்திருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை இயக்கி, வரம்பையும் ஏற்றி வைப்பதை மறக்காதீர்கள்.

அடுத்து, மேசை எப்போது திறக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கடையும் இத்தனை நாள் முன்னால், இத்தனை மணிக்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். இரண்டு வாரம், மூன்று வாரம், ஒரு மாதம் என்று கடைக்குக் கடை மாறும், சமயத்தில் அதே கடையே மாற்றும். செயலியில் அந்தக் கடையின் பக்கத்தில் 'தெரிந்துகொள்ள வேண்டியவை' மாதிரி ஒரு சின்னப் பகுதி இருக்கும். பலர் படிக்காமல் தாண்டிப் போவது அதைத்தான், ஆனால் எல்லாத் தகவலும் அங்கேதான் இருக்கிறது.

ஊரில் இருந்தபடியே பிடிப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பல கடைகள் காலை 9 மணிக்கோ 10 மணிக்கோ திறப்பார்கள். நியூயார்க் காலை 9 என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே இருப்பவர்கள் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நேரத்தில் நாம் வீட்டில் நல்ல இணையத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஐந்து நிமிடம் முன்னால் செயலியைத் திறந்து, நாளையும் ஆட்கள் எண்ணிக்கையையும் போட்டுவிட்டுக் காத்திருங்கள். மணி ஆனதும் பக்கத்தைப் புதுப்பித்து, முதலில் தெரியும் நேரத்தைத் தொடுங்கள். 7.30-தான் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் ஒன்றைக் கையில் பிடியுங்கள், பிறகு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டு பேர் மேசைதான் அதிகம் கிடைக்கும். நான்கு பேர் என்றால் கொஞ்சம் கஷ்டம், ஆறு பேர் என்றால் ரொம்பக் கஷ்டம். ஆறு பேராகப் போகிற குடும்பம், ஒரே மேசை என்று பிடிவாதம் பிடிக்காமல் மும்மூன்று பேராகப் பக்கத்துப் பக்கத்து நேரத்தில் எடுப்பது ஒரு வழி. ஆனால் போன பிறகு மேசையைச் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள், அந்தச் சின்ன இடங்களில் அது முடியாது.

கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். செயலியில் 'தெரிவிக்கவும்' என்ற மணி அடையாளத்தை அழுத்தி வையுங்கள். யாராவது ரத்து செய்தால் உங்களுக்குச் செய்தி வரும். அதிகம் ரத்தாவது போகவேண்டிய நாளுக்கு முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும்தான். காரணம் எளிது: பல கடைகளில் 24 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்யாவிட்டால் ஆளுக்கு 25, 50 டாலர் என்று கார்டில் பிடித்துவிடுவார்கள். அந்தக் கெடு நெருங்கும்போது, வர முடியாதவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அந்த நேரம் கைப்பேசியை அமைதியில் போடாதீர்கள். செய்தி பலருக்கும் ஒரே சமயத்தில் போகும், முதலில் தொடுபவருக்குத்தான் மேசை.

காசு கொடுத்து முன்பதிவை வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். உணவகத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதன் மேசையை மூன்றாம் ஆட்கள் விற்பதைத் தடுத்து, நியூயார்க் மாநிலம் 2024 டிசம்பரில் சட்டமே போட்டுவிட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. இப்படி வாங்கிய மேசைக்கு வாசலில் உங்கள் பெயர் பொருந்தவில்லை என்றால் யாரிடமும் முறையிட முடியாது.

எல்லா வழியும் அடைபட்டாலும் ஒன்று பாக்கி இருக்கிறது: நேரே போவது. பல கடைகளில் பார் இருக்கைகளை முன்பதிவு இல்லாமல் வருபவர்களுக்கென்று விட்டு வைத்திருப்பார்கள். பார் என்றதும் நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் தயங்குவார்கள். அங்கே அது உயரமான ஸ்டூல் போட்ட நீளமான மேடை, அவ்வளவுதான். ஒரு சொட்டு மது தொடாமல் எலுமிச்சைச் சோடாவும் தோசையும் சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் முழு மெனுவும் அங்கேயே கிடைக்கும். தனியாகப் பயணம் செய்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மேசையில் தனியாக உட்கார்ந்தால் கூச்சமாக இருக்கும், பாரில் எல்லோருமே தனி ஆட்கள்தான். கடை திறப்பதற்கு அரைமணி முன்னால் போய் நில்லுங்கள். இடம் இல்லை என்றால் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு, இடம் வந்ததும் செய்தி அனுப்புவார்கள். ஒரு மணி நேரம் அந்தத் தெருக்களைச் சுற்றிவிட்டு வரலாம்.

4. சாப்பாட்டு விதிகளை முன்கூட்டியே சொல்லுங்கள்

முன்பதிவு செய்யும்போது குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் போதாது, அங்கே அந்தச் சொல்லுக்குள் முட்டை அடக்கம். 'நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்' என்று பிரித்து எழுதுங்கள். அதோடு, சூப்பிலும் குழம்பிலும் கோழி எலும்புச் சாறு, தாய்லாந்துச் சமையலில் மீன் சாஸ், சீசர் சாலட்டில் நெத்திலி வகை மீன், இனிப்புகளில் ஜெலட்டின் என்று கண்ணுக்குத் தெரியாமல் சேர்பவை இருக்கின்றன. மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். முன்னாடியே தெரிந்தால் சமையலறை மாற்று ஏற்பாடு செய்யும். கூட்டத்தின் நடுவில் சொன்னால் "மன்னிக்கவும்" என்பதுதான் பதிலாக வரும்.

'அலர்ஜி' என்ற சொல்லை உண்மையாகவே ஒவ்வாமை இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலகை, கத்தி, வாணலி எல்லாவற்றையும் தனியாக எடுத்துச் சமைப்பார்கள். பிடிக்காததைப் பிடிக்காது என்று சொன்னால் போதும், அதற்கும் மதிப்புக் கொடுப்பார்கள்.

முந்தின நாள் அல்லது அன்று காலை உறுதி கேட்டுச் செய்தி வரும். பதில் போட வேண்டும். சில இடங்களில் பதில் இல்லை என்றால் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டு சிம் மாற்றியிருப்பீர்கள், பழைய எண்ணுக்குச் செய்தி போய்விடும். அதனால் மின்னஞ்சலையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

5. கிளம்புவது

மதியம் குறைவாகச் சாப்பிடுங்கள். உடை விஷயத்தில், பெரும்பாலான பிரபல இடங்களில் நல்ல சட்டையும் பேண்ட்டும் போதும். புடவை கட்டலாம், வேட்டி கட்டலாம். விருது மேடைக்கே பொருந்திய வேட்டி, உணவகத்துக்குப் பொருந்தாதா என்ன! குளிர்காலத்தில் கனமான மேல்கோட்டை வாசலில் வாங்கி வைப்பார்கள். திரும்ப வாங்கும்போது ஒன்றிரண்டு டாலர் கொடுப்பது வழக்கம், அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மது அருந்துபவர்கள் 21 வயது நிறைந்தவர் என்று காட்ட பாஸ்போர்ட்டைக் கொண்டு போக வேண்டும். தலை நரைத்திருந்தாலும் கேட்கும் இடங்கள் உண்டு.

சப்வேயில் போவது நல்லது. வாசலில் கார்டையோ கைப்பேசியையோ தட்டினால் போதும், 2026 ஜனவரியிலிருந்து கட்டணம் 3 டாலர். 'செம்ம'வுக்கு 14-வது தெரு நிலையத்தில் இறங்கி நடந்து போய்விடலாம். ஆனால் அரைமணி முன்னதாகவே இறங்குங்கள். மன்ஹாட்டனின் பெரும்பகுதியில் தெருக்கள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும், எண்ணைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். 'செம்ம' இருக்கும் வெஸ்ட் வில்லேஜ் பகுதியோ கட்டத்துக்கு முன்பே உருவான பழைய ஊர். மேற்கு 4-வது தெரு போய் மேற்கு 10, 11, 12-வது தெருக்களைக் குறுக்கே வெட்டும் இடம் அது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வழி தவறுவீர்கள்.

6. வாசலில்

உள்ளே போய்க் காலி மேசையில் உட்காரக் கூடாது. வாசலருகே ஒரு சின்ன மேடையில் நிற்பவரிடம் முன்பதிவு செய்த பெயரைச் சொல்லுங்கள். நம் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையாது, செயலியைத் திறந்து காட்டினால் வேலை சுலபம்.

இரண்டு விதிகள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் மேசை போய்விடலாம். வழியில் மாட்டிக்கொண்டால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், காத்திருப்பார்கள். இரண்டாவது, எல்லோரும் வந்து சேராமல் உட்கார விடமாட்டார்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு பேர் மேசை, நானும் மனைவியும் நேரத்துக்குப் போய்விட்டோம், நண்பர் குடும்பம் நியூ ஜெர்சியிலிருந்து வந்த ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே எங்கள் மேசை காலியாகத் தெரிகிறது, தண்ணீர்க் குவளை நாலு கவிழ்த்து வைத்திருக்கிறது. இருபத்தைந்து நிமிடம் கழித்து, எங்கள் கண்ணெதிரிலேயே வேறு நாலு பேர் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, விதி முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் மூன்று வாரம் ஆசையாகக் காத்திருந்த மனைவியின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து, யாரோடு போனாலும் பக்கத்துக் காபிக் கடையில் முதலில் கூடிவிட்டுத்தான் சேர்ந்து போகிறேன்.

மேசைக்குக் கால அளவும் உண்டு. இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம், நாலு பேருக்கு இரண்டு மணி நேரம் என்கிற மாதிரி. வயதானவர்கள் இருந்தால் கழிப்பறை எங்கே என்று முதலிலேயே கேளுங்கள். நியூயார்க் உணவகங்கள் பலவற்றில் அது செங்குத்தான படிகளுக்குக் கீழே, நிலவறையில் இருக்கும்.

7. மேசையில்

உட்கார்ந்ததும் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்று கேட்பார்கள். இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணீர். "டேப் வாட்டர் இஸ் ஃபைன்" என்று சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். கேட்ஸ்கில் மலைப்பக்கமிருந்து வரும் அந்தத் தண்ணீரை ஊரே தைரியமாகக் குடிக்கிறது. ஐஸ் நிறையப் போட்டுத் தருவார்கள், வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மெனுவில் 'ஆன்ட்ரே' என்று இருந்தால் அமெரிக்காவில் அது பிரதான உணவு, முதலில் வரும் சிறு உணவு இல்லை. விலைக்குப் பதிலாக 'எம்.பி.' என்று இருந்தால் அன்றைய சந்தை விலை, நண்டு, சிங்க இறால் மாதிரியானவற்றுக்கு அப்படிப் போடுவார்கள். எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், கேட்பதில் கௌரவக் குறைவு இல்லை.

அதிகமாக ஆர்டர் செய்வதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு பேருக்கு மூன்று சிறு பதார்த்தம், ஒரு பெரியது, ஒரு இனிப்பு போதும். "நாங்கள் முதல் முறை வருகிறோம், எல்லாவற்றையும் பகிர்ந்து சாப்பிடுவோம், நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?" என்று சர்வரிடம் கேளுங்கள். நல்ல கடையில் சர்வர்கள் எல்லாப் பதார்த்தத்தையும் ருசி பார்த்திருப்பார்கள். உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு விலை கூடியதைத் தலையில் கட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அக்கறையாகவே சொல்வார்கள்.

'செம்ம'வில் நான் யாருக்கும் முதலில் சொல்வது நத்தைப் பிரட்டலைத்தான். விஜய் குமார் சின்ன வயதில் வயல்காட்டில் குடும்பத்தோடு நத்தை பொறுக்கியிருக்கிறார். அது இல்லாதவர்கள் சாப்பாடு என்று வெளியில் சொல்லவே வெட்கப்பட்டவர், பிறகு சமையல் படிக்கும்போது, அதே நத்தை பிரான்சில் உயர்ந்த விருந்து என்று தெரிந்துகொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இஞ்சியும் புளியும் சேர்ந்த மசாலாவில் அது வரும், கூடவே கல் தோசை. தோசையைப் பிய்த்து அந்த மசாலாவை வழித்துச் சாப்பிடும்போது, பக்கத்து மேசையில் முள்கரண்டியால் குத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துத் தயங்காதீர்கள். கையால்தான் அது ருசிக்கும். குடல் வறுவலும் மெனுவில் உண்டு. சென்னையில் நட்சத்திர ஓட்டல்களே வைக்கத் தயங்குகிற ஒன்றை மன்ஹாட்டன் நடுவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் நெகிழ்ச்சியான விஷயம். ரோனி மஜும்தார், சிந்தன் பாண்டியா இருவரும் நடத்தும், 'செம்ம'வின் தாய் நிறுவனத்தின் பெயர் 'அன்அபாலஜெடிக் ஃபுட்ஸ்'. எங்கள் ருசிக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டோம் என்று அர்த்தம். காரத்திலும் அப்படித்தான், அதனால் குழந்தைகளுக்கு என்று ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்குப் பொடி தடவிய 'கன்பவுடர் தோசை' இருக்கிறது. ஊரில் நாற்பது ரூபாய்க்குச் சாப்பிடும் தோசைக்கு இவ்வளவா என்று விலையைப் பார்த்ததும் தோன்றும். ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை அந்த ஒரு ராத்திரிக்கு நிறுத்தி வையுங்கள். வாடகையும் கூலியும் அந்த ஊர்க் கணக்கில்தான் இருக்கும்.

எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மேசை நிறைந்துவிட்டால் பாதி ஆறிப்போகும். "ஒன்றொன்றாக, நிதானமாகக் கொண்டு வாருங்கள்" என்று ஆர்டர் சொல்லும்போதே கேட்டுக்கொள்ளலாம். படம் எடுப்பதென்றால் ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்து மேசைக்காரர் முகம் விழாமல் எடுங்கள். ஏதாவது உப்பு அதிகம், வேகவில்லை, கேட்டது வரவில்லை என்றால் முதல் இரண்டு வாயிலேயே சொல்லிவிடுங்கள். முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சமானதைக் கட்டித் தரச் சொல்வது அங்கே சாதாரணம், "டு கோ பாக்ஸ்" என்று கேட்டால் போதும்.

8. பில்லும் டிப்ஸும்

பில் தானாக வராவிட்டால் கேளுங்கள். அமெரிக்காவில் அதை 'செக்' என்பார்கள். மெனு விலையில் வரி சேராது. நியூயார்க் நகர விற்பனை வரி 8.875 சதவீதம். அதற்கு மேல் டிப்ஸ், 18 முதல் 20 சதவீதம்.

இரண்டு பேர் 160 டாலருக்குச் சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி 14 டாலர் 20 சென்ட். டிப்ஸ் 20 சதவீதம் என்றால் 32. ஆக மொத்தம் 206 டாலர் 20 சென்ட். மெனுவைப் பார்த்துப் போட்ட கணக்கைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல். அதனால் வீட்டில் திட்டம் போடும்போதே மெனு விலையோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட வராதவர்களுக்கு நியூயார்க்கர்களின் குறுக்கு வழி: பில்லில் இருக்கும் வரியை இரண்டால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 18 சதவீதம் வந்துவிடும்.

இந்த டிப்ஸ் நம் ஊரில் தட்டில் வைக்கும் பத்து ரூபாய் மாதிரி இல்லை. 2025-இல் நியூயார்க் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது. அந்த வருடம் உணவகத்தில் டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி 11 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. நாம் வைக்காமல் வந்தால் அன்றைக்கு அவர் வருமானத்தில் துண்டு விழுகிறது. சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதி என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் வேண்டாம். ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்திருப்பார்கள், அதன் கீழே டிப்ஸ் எழுத இன்னொரு இடமும் காலியாக இருக்கும். 'டர்ட் கேண்டி' மாதிரி டிப்ஸே வாங்காத இடங்களும் உண்டு. பில்லை ஒரு முறை மேலிருந்து கீழே படித்துவிட்டுக் கார்டை எடுங்கள்.

கார்டை ஒரு கோப்பில் வைத்தால் எடுத்துப் போய்த் திரும்பிக் கொண்டு வருவார்கள், கூடவே இரண்டு சீட்டு. ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைச் சீட்டில் 'டிப்' என்ற இடத்தில் தொகையை எழுதி, அதற்குக் கீழே மொத்தத்தையும் நீங்களே கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையடக்க இயந்திரத்தைக் கொண்டு வந்தால் திரையிலேயே 18, 20, 22 என்று காட்டும். உங்களுக்குச் சரி என்று படுவதைத் தொடலாம், வேறு தொகையையும் போடலாம். ரூபாயா டாலரா என்று இயந்திரம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்று போட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

உங்கள் சீட்டை உடனே குப்பையில் போடாதீர்கள், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்று ராத்திரி வங்கியிலிருந்து வரும் செய்தியில் டிப்ஸ் சேராத தொகை மட்டும் இருக்கலாம். நீங்கள் எழுதிய டிப்ஸைக் கடை பிறகுதான் பதிவு செய்யும், இரண்டு மூன்று நாள் கழித்துக் கணக்கில் ஏறும் தொகை கூடுதலாகத் தெரியும். அந்தத் தொகையும் படத்தில் நீங்கள் எழுதிய மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.